என் கையெழுத்து ஒட்டிய டப்பாவில் உன் தோட்டாக்கள்

மொன்டானா,
நவம்பர் பன்னிரண்டு.

அன்புள்ள நோலனுக்கு, அம்மா எழுதுவது.

நீ நலமாக இருக்கிறாயா என்று முதலில் கேட்டுவிடுகிறேன், எவ்வளவு கோபம் இருந்தாலும் அதைக் கேட்காமல் உனக்கு ஒரு வரி எழுத எனக்குக் கை வராது. அலாஸ்காவில் மழை விடவே இல்லை என்று செய்தியில் பார்த்தேன், கழுத்து மூடும் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். இங்கே எல்லோரும் நலம் என்று என்னால் எழுத முடியாது. போனில் சொல்லலாம் என்றால் நீ “சாரிம்மா, எல்லாம் சரியாயிடும்மா” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, மேசைமேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று நடந்ததை நீ முழுதாகக் கேட்டதே இல்லை. எல்க் மான் வேட்டை சீசன் தொடங்கிய ஞாயிறு, அப்பாவும் ஜொலீன் அத்தையும் பைன் மேட்டுக்குப் போனார்கள். அப்பா அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார், மேலே என் கையெழுத்தில் அவர் துப்பாக்கியின் பெயர், அது போதும் அவருக்கு, முப்பத்தொரு வருடமாக இந்த வீட்டின் தோட்டா ஒவ்வொன்றையும் நான்தான் நிரப்புகிறேன். முதல் சூடு தவறிப்போனது. தோட்டாவை உள்ளே பூட்டும் தாழ், அந்த போல்ட், இறுகிக்கொண்டு திறக்கவில்லை. அத்தை “நிறுத்து ஆர்லோ, ஏதோ சரியில்ல, கீழ வை அத” என்று சொல்லியிருக்கிறாள். உன் அப்பா கேட்பாரா, எல்க் இன்னும் நின்றுகொண்டிருந்ததாம், உள்ளங்கையால் நாலு அடி அடித்துப் போல்டைத் திறந்து அடுத்ததைப் போட்டார். இரண்டாவது சூட்டில் தோட்டாவின் பித்தளைக் கூட்டின் அடிப்பக்கம் கிழிந்து, முன்னால் போகவேண்டிய நெருப்பு பின்னால் அவர் முகத்துக்கு வந்தது. துப்பாக்கிக் கட்டை பிளந்துவிட்டது. பாதுகாப்புக் கண்ணாடி எங்கே இருந்தது தெரியுமா, வண்டியில், அதற்காக அவரிடமும் தனியாகச் சண்டை போட்டாயிற்று. அத்தை தன் சட்டையைக் கிழித்து அவர் கண்ணைக் கட்டி, பில்லிங்ஸ் ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு கையால் வண்டி ஓட்டி, மறுகையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறாள்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள், என் புருஷனின் கண்ணை நான்தான் எடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு இந்த வீட்டில் நடமாடினேன். அந்தப் பன்னிரண்டு நாளை உனக்கு எப்படி எழுதுவேன். அவருக்குச் சூப் ஊட்டும்போது என் கையைப் பார்ப்பேன், இந்தக் கைதானே தப்பு செய்தது என்று தோன்றும். பதின்மூன்றாம் நாள் மிச்சமிருந்த பதினெட்டுத் தோட்டாக்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வெடிமருந்தை நிறுத்துப் பார்த்தால் நான் அளவு குறித்து வைக்கும் அட்டையில் எழுதியபடி அப்படியே இருந்தது. பிறகுதான் கூட்டின் வாயில் செருகியிருந்த குண்டைப் பார்த்தேன். கூட்டுக்கு வெளியே தெரியும் பாகம் என் குண்டு போலவேதான் இருக்கிறது. உள்ளே மறைந்திருந்த பாகத்தில் வளையம் வளையமாகக் கோடுகள், முழுக்க முழுக்கச் செம்பு, ஈயம் துளியும் இல்லை. நான் அந்த மாதிரிக் குண்டை வாங்கியதே இல்லை. ஜூலையில் நான் அடுப்படியில் செர்ரிப் பழத்தைப் புட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்தபோது நீ எட்டிப் பார்த்து “அம்மா, உன் பழைய டப்பா ஒண்ணு எடுத்துக்கறேன்” என்றாயே, அது ஞாபகம் வந்தது. என் டப்பா, என் அட்டை, என் தராசு, உன் குண்டு.

போனில் நீ என்ன சொன்னாய்? “எடை ஒண்ணுதாம்மா, அதே எடைதான், அதான் அதே மருந்து போட்டேன்.” எடை ஒன்றாக இருந்தால் போதுமா? ஈயத்தைவிடச் செம்பு லேசு, அதே எடை வரவேண்டுமென்றால் குண்டு நீளமாகத்தான் இருக்கும். நீளமான குண்டு கூட்டுக்குள் ஆழமாக இறங்கும், மருந்துக்கு இடம் குறையும், அழுத்தம் ஏறும். ஈயக் குண்டு துப்பாக்கிக் குழாய்க்குள் கொஞ்சம் வளைந்துகொடுக்கும், செம்பு முரண்டு பிடிக்கும். என் அட்டையில் இருப்பது ஈயக் குண்டு தாங்கும் கடைசி அளவு, கீழே இருந்து தொடங்கி சுட்ட ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து இரண்டு சீசன் உழைத்து அங்கே போய்ச் சேர்ந்தேன். நீ நேராகக் கடைசிப் படியில் போய் நின்றாய். புதுக் குண்டு என்றால் எல்லாமே புதிது, அதைச் செய்தவன் புத்தகம் போட்டிருக்கிறான், அதில் உள்ள ஆகக்குறைந்த அளவில் தொடங்கு, மூன்று மூன்றாகச் சுட்டுப் பார், போல்ட் கொஞ்சம் இறுகினாலும் அதோடு நிறுத்து. இதை உனக்குப் பதினாறு வயதில் சொன்னேன், பதினேழில் சொன்னேன், நீ தலையாட்டினாய்.

காரணம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. சுட்ட மானின் குடலில் சிதறிக் கிடக்கும் ஈயத்தைத் தின்றுவிட்டு, தலையைத் தூக்க முடியாமல் நீ வேலை பார்க்கும் பறவை ஆஸ்பத்திரிக்கு வரும் கழுகுகளின் படத்தை நீ அனுப்பினாய், நானும் அழுதேன். ஆனால் “அப்பாகிட்ட சொன்னா சண்டை போடுவார்மா, அவருக்குத் தெரியாம மாத்தி வச்சுட்டா சரியாப் போகும்னு நெனச்சேன்” என்றாயே, அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. கழுகுக்கு இரங்கத் தெரிந்த உனக்கு அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா? டப்பாமேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டக் கை வரவில்லையா? போன வாரம் அதே குண்டில் புதுப் பெட்டி வாங்கி, புத்தகத்தில் உள்ள கீழ் அளவிலிருந்து என் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்தேன். அழகாகப் போகிறது. உன் குண்டு நல்ல குண்டுதான், அதனால் கோபம் இன்னும் அதிகமாகிறது, ஒரு வாரம் பொறுமை இருந்திருந்தால் போதுமே!

அப்பாவின் வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும்தான் தெரியும் என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். பள்ளிப் பேருந்து இனி ஓட்ட முடியாது, ஒற்றைக் கண்ணுக்கு லைசென்ஸ் தரமாட்டார்கள். இருபத்திரண்டு வருடம், ஒரு பனிநாள்கூட ஒரு பிள்ளையையும் பாதையில் நிற்க விட்டதில்லை. இப்போதும் ஐந்து மணிக்கு எழுந்து பூட்ஸ் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

இது மட்டும் என்றால் இத்தனை பக்கம் எழுதியிருக்கமாட்டேன். நேற்று காபிக் கடை லூயெல்லா என்னைத் தனியாகக் கூப்பிட்டு “உன் ஆள, காலையில ஆம்பளைங்க கூடற அந்த மேசைப் பக்கம் விடாதம்மா, கேலி தாங்கல. காபிக்கு எத்தன கரண்டின்னு தெரியாத மனுஷன் தோட்டா நிரப்பப் போனானாம்னு சிரிக்கறானுங்க” என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன். ஆஸ்பத்திரியில் முதல் நாளே, அத்தையிடம், டாக்டரிடம், பார்க்க வந்த எல்லோரிடமும் “நான்தான் நிரப்பினேன், வெர்னாவுக்குத் தெரியாது” என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவரும் என் தப்பு என்றுதான் நினைத்திருக்கிறார், நோலன். என் பெயர் கெடக்கூடாது என்று கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்தபடியே பொய் சொல்லியிருக்கிறார். அது நான் இல்லை, நம் பிள்ளை என்று நான் பிரித்துப் பார்த்து வந்து சொன்ன அன்றைக்கு “அப்ப அதே கதையே இருந்துட்டுப் போகட்டும், அவன் சின்ன வயசு, ஊருக்கு வரணும் போகணும்” என்றார். எந்தக் கதை என்று அன்று எனக்குப் புரியவில்லை.

அது இருக்காது. நான் இருக்க விடமாட்டேன். நன்றித் திருநாளுக்கு முந்தின புதன்கிழமை காலை நீ இங்கே இருக்க வேண்டும். வேலை, லீவு, விமானம் என்று எதுவும் என்னிடம் சொல்லாதே. ஏழு மணிக்குக் காபிக் கடையில் அந்த மேசையில் எல்லா ஆண்களும் இருப்பார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யார் நிரப்பியது, யாருக்குத் தெரியாமல் நிரப்பியது என்று உன் வாயால் சொல். அவர் உன் முழங்காலில் தட்டி நிறுத்தப் பார்ப்பார், நிறுத்தாதே. சொல்லி முடித்த பிறகு வீட்டுக்கு வா, சமைத்து வைத்திருக்கிறேன்.

உன்னிடம் அதே மாதிரி நிரப்பிய தோட்டா வேறு இருந்தால் ஒன்றையும் சுடாமல் இன்றைக்கே தனியே எடுத்து வை, மறக்காதே. கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்க்கட்டும், உன் இரண்டு கண்ணையும் கடைசிவரை காக்கட்டும்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் அம்மா
வெர்னா