பழைய மாணவர் சங்கத் தலைவருக்கு

மாரியம்மன் துணை

மேல் டிவிசன்,
ஊசிக்கல் தோட்டம்,
அட்டன்.
17-10-1954

மதிப்புக்குரிய கணேசமூர்த்தி அவர்களுக்கு,

நாகலெட்சுமி எழுதுவது. மச்சான் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

உங்கள் அம்மா சுகமாக இருக்கிறார்கள். இருமல் குறைந்துவிட்டது. திம்புள்ளையில் உங்களுக்குக் கிளாக்கர் வேலை கிடைத்திருப்பதாகவும், தனி வீடு கொடுத்திருப்பதாகவும் நீங்கள் போட்ட கடிதத்தை நான்தான் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்கள். தை பிறந்ததும் நம் இரண்டு பேர் விசயத்தையும் பேசி முடித்துவிட வேண்டும் என்றார்கள். எனக்கும் அன்றைக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

போன மாசி மாதம் பழைய மாணவர் சங்கம் வைப்போம் என்று சொன்னது நீங்கள். நீங்கள் தலைவர், நான் செயலாளர், தேயிலை ஸ்டோரில் வேலை செய்யும் கந்தப்பன் அண்ணன் பொருளாளர். நம் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, ஆறாம் வகுப்பு கேட்டுக் கல்விக் கந்தோருக்கு மனு அனுப்புவோம் என்றீர்கள். துரையிடம் கேட்டால் காரியம் நடக்காது, அவருக்குத் தெரியாமலே போக வேண்டும் என்றீர்கள். கைநாட்டு வைத்தால் மதிக்கமாட்டார்கள், படித்தவர்கள் எல்லாரும் பெயரெழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றீர்கள். ஆட்கள் பயப்படுவார்களே என்று நான் சொன்னதும், முதல் கையெழுத்தை நீங்களே போட்டுத் தாளை என்னிடம் தந்தீர்கள்.

அந்தத் தாளோடு ஐந்து ஞாயிற்றுக்கிழமை லயம் லயமாக ஏறி இறங்கினேன். கீழ் லயத்துக் காளியாயி அக்காவுக்கு மூன்றும் பெண் பிள்ளைகள். மூத்தவள் ஐந்தாவது முடித்த கையோடு கூடையைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்க மலைக்கு வந்துவிட்டாள். இரண்டாவதையாவது படிக்க வைக்கலாம் என்று அக்காவுக்கு ஆசை. ஆனாலும் பயம். "ஏதும் வில்லங்கம் வந்துருமா நாகு?" என்று கேட்டார்கள். "மச்சான் பேருதானக்கா மொதல்ல இருக்கு. வந்தா அவங்களுக்குத்தான் மொதல்ல வரும்" என்று நான் சொன்னேன். மற்ற வீடுகளிலும் அதையேதான் சொன்னேன். உங்கள் பெயரைக் காட்டித்தான் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன். உங்கள் பெயருக்குக் கீழே என்னோடு சேர்த்து நாற்பத்திரண்டு பேர்.

தாளைக் கொண்டுவந்து உங்கள் கையில் தந்தேன். அட்டனுக்குப் போய் பதிவுத் தபாலில் போட்டுவிட்டதாகச் சொன்னீர்கள். பத்தாம் நாள் உங்களுக்கு வேலை கிடைத்தது. பெட்டியோடு போனீர்கள். நானும் ரோட்டு வரைக்கும் வந்தேன்.

மறு வாரம் புதன்கிழமை காலைப் பெரட்டில் துரையே வந்து நின்றார். பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும் முன்பே கணக்கப்பிள்ளை நாற்பத்திரண்டு பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். கூப்பிட்டவர்களைத் தனியாக நிறுத்தி, உங்களுக்கு இன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். மூன்று நாள் அப்படியே போனது. பிறகு தொழிற்சங்கத்து ஆட்கள் வந்து பேசியதில் முப்பத்தொன்பது பேருக்குத் திரும்ப வேலை கொடுத்தார்கள். காளியாயி அக்கா, கந்தப்பன் அண்ணன், நான், மூன்று பேருக்கும் வேலையிலிருந்து நிறுத்திப் பத்துச்சீட்டு. பெயர் வெட்டியாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் லயத்துக் காம்பராவையும் விட்டுவிட வேண்டும்.

அப்போதும் நான் உங்களைச் சந்தேகப்படவில்லை. தபால் கந்தோரில் யாரோ துரைக்கு வேண்டியவர்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று எல்லாரிடமும் சொன்னேன். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வைத்துச் சின்னத்தம்பி உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதற்கு, அத்தனை பேர் முன்னால் அவனோடு சண்டை போட்டேன். அவனிடம் இன்னும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

போன திங்கட்கிழமை பத்துச்சீட்டு வாங்க ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் இராசரத்தினம் ஐயா ஒரு தாளை மேசையில் வைத்து, இது உன்னுடைய கையெழுத்துத்தானா என்று கேட்டார். நம் தாள்தான். மேல் பகுதியைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டி எடுத்திருந்தது. உங்கள் பெயர் இல்லை. இரண்டாவதாகப் போட்ட என் பெயரிலிருந்து ஆரம்பித்தது. அதோடு சேர்த்துக் குத்தியிருந்த இன்னொரு தாளில் எல்லார் பெயரும், லய நம்பரும் இங்கிலீசில் எழுதியிருந்தது. என் பெயரை இங்கிலீசில் எழுத எனக்குக் காட்டித் தந்தவர் நீங்கள். உங்கள் எழுத்து எனக்குத் தெரியாதா?

என் பெயருக்கு நேரே மட்டும் இரண்டு வரி கூடுதலாக இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று ஐயாவைக் கேட்டேன். "அதை ஏன் பிள்ளை கேக்கிறாய்?" என்றார். நான் போகாமல் நின்றேன். கடைசியில் சொன்னார்: "வீடு வீடாப் போய்ச் சனத்தைத் தூண்டிவிட்டவள் இவள்தான் எண்டு எழுதிக் கிடக்கு." கீழே உங்கள் கையெழுத்து இருந்தது.

துரை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் துரை. நீங்கள் பயந்துபோய் அந்தத் தாளை அடுப்பில் போட்டிருந்தால்கூட நான் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன். உங்கள் பெயரை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு எங்களைக் கொடுத்துவிட்டீர்கள். நான் தாளைக் கொண்டுவந்து தந்த அன்றைக்கு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ, கால் வலிக்குமே என்றீர்கள். அப்போதே முடிவு செய்துவிட்டீர்களா, பிறகுதானா? ஆறு நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பதில் எழுத வேண்டாம். எழுதினாலும் எதை நம்புவது?

நான் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் அம்மா பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போக முடியாது. "அந்தத் தாள யாருகிட்ட குடுத்த?" என்று காளியாயி அக்கா என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். தபாலில் போட்டது என்றேன். நான்தான் எங்கேயோ கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. தை மாதப் பேச்சை விட்டுவிடச் சொல்லி அத்தையிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டதற்கு எனக்கு விருப்பம் இல்லை என்றேன். உத்தியோகம் கிடைத்த மகனை வேண்டாம் என்கிறாளே என்று அவர்களுக்கும் என் மேல் வருத்தம். உங்கள் கடிதம் வந்தால் வாசிக்க இப்போது ஸ்டோருக்குப் பக்கத்து வீட்டுக்குப் போகிறார்கள். சீக்கிரம் வந்து உங்களோடு கூட்டிக்கொண்டு போங்கள். வேறு யார் வாயாலும் அவர்கள் இதைக் கேட்கக் கூடாது.

நேற்று நானும் கந்தப்பன் அண்ணனும் அட்டனுக்கு நடந்து போய், மனுவைத் திரும்பவும் எழுதுவித்துப் பதிவுத் தபாலில் போட்டோம். இந்த முறை பதினொரு பேர்தான் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்களை நான் வற்புறுத்தவில்லை. காளியாயி அக்கா தானாகவே வந்தார்கள். என் முகத்தைப் பார்க்காமல் போட்டுவிட்டுப் போனார்கள்.

நானும் அம்மாவும் மாதக் கடைசியில் பட்டிப்பொலவுக்கு மாமா வீட்டுக்குப் போகிறோம். அங்கே மரக்கறித் தோட்டத்தில் வேலை இருக்கிறதாம்.

மனுவில் சங்கத் தலைவர் என்று உங்கள் பெயரையே எழுதச் சொன்னேன். கந்தப்பன் அண்ணன் ஏன் என்று கேட்டார். கமிட்டி கூடித் தலைவரை மாற்றவில்லையே என்றேன். விசாரிக்க அதிகாரி வந்தால் நாங்கள் மூன்று பேருமே இங்கே இருக்கமாட்டோம். உங்களைத் தேடித்தான் வருவார்கள். நாகலெட்சுமி யார் என்று கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். இப்படி ஒரு சங்கமே இருந்ததில்லை என்றுகூடச் சொல்லிக்கொள்ளுங்கள். ஊசிக்கல் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பு தேவையில்லை என்று மட்டும் உங்கள் வாயால் சொல்லிவிடாதீர்கள்.

திம்புள்ளையில் குளிர் அதிகம் என்கிறார்கள். உடம்பைப் பார்த்துக் கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு குறையும் வராமல் அம்மன் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
நாகலெட்சுமி
செயலாளர், பழைய மாணவர் சங்கம்