பாலர் பள்ளி வாசலில் நின்ற மகனுக்கு

மாரியம்மன் துணை

தெமோதரை,
9-1-1955

அன்பு மகன் நல்லையாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

இங்கே நானும் அப்பாவும் அம்மன் புண்ணியத்தில் சுகம், அப்பாவின் இருமல் மட்டும் பனியோடு வந்தது பனியோடுதான் போகும் போலிருக்கிறது. நீயும் மருமகள் ரெங்கம்மாவும் பேத்தி லீலாதேவியும் கொழும்பில் காய்ச்சல் தலையிடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றுகிறேன். வழக்கமாக அப்பாதான் உனக்கு எழுதுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவேன், அவர் பாதியை விழுங்கிவிட்டு மீதியை எழுதுவார். இந்தத் தடவை ஒன்றையும் விழுங்கக் கூடாதென்று பேனாவை நானே வாங்கிக்கொண்டேன். எழுத்து கோணலாக இருந்தால் அது கோபத்தின் கோணல் என்று வைத்துக்கொள்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. உங்கள் தெருக்கோடியில் இருக்கும் முனிசிபல் பாலர் பள்ளியில் லீலாவைச் சேர்க்கப் போனதாகவும், தோட்டத்து ஆள்களின் பிள்ளைகளுக்கு இடமில்லையென்று சொல்லிவிட்டதாகவும், அதனால் அவளை இங்கே கொண்டுவந்து விடப்போவதாகவும், இரண்டு வருஷம் எங்களோடு இருந்து தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும் என்றும் எழுதியிருந்தாய். வாசித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதே. நாங்கள் பறிக்கிற கொழுந்தில்தானே அந்தக் கொழும்பே கொழுத்துக் கிடக்கிறது, எங்கள் பேத்தி உட்கார ஒரு பாய் விரிக்க அங்கே இடமில்லையா என்று லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். சங்கத்துத் தலைவர் இராசையா வீட்டு வாசலுக்கே போய், இதற்கு ஒரு பெட்டிஷன் எழுதாவிட்டால் நீ என்ன தலைவன் என்று கேட்டுவிட்டேன். அந்த மனுஷன் பாவம், காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்க வந்த அத்தனை பேரிடமும் சொல்லிக் கையெழுத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

நேற்றுப் பொங்கலுக்குத் துணி எடுக்கப் பதுளைக்குப் போனேன். துணிக்கடை புஹாரி நானாவை உனக்குத் தெரியும். அவருடைய தங்கச்சி ஜெனீரா உங்கள் தெருவில்தான் குடியிருக்கிறாள், தன் மகள் ஹம்ஸியாவை அதே நாளில் அதே பள்ளியில் பதிந்திருக்கிறாள். நான் கடையில் நின்று கொழும்புக்காரர்களை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தேன். நானா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "ஒங்கட மகன் உள்ளுக்கே வரல்லயாமே, பிறகு யாரு அவருக்கு இடமில்லன்னு சொன்ன?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஜெனீரா பார்த்துவிட்டு அவருக்கு எழுதியிருக்கிறாள், பள்ளி வாசல் படலை விரியத் திறந்து கிடந்ததாம். நீ வெளியே ஜம்பு மரத்தடியில், தூறலில், சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாயாம். உனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் உன்னைத் தாண்டி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்களாம். டீச்சரம்மா இரண்டு தடவை வாசலுக்கு வந்து இன்னும் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டாராம். நீ தலையைக் குனிந்துகொண்டாயாம். யாரோ பெரிய மனிதர் வீட்டுப் பியோன் எஜமானுக்காக நிற்கிறான் என்று அவர் நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் நீ சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

மற்றவர்களுக்கு விளங்காவிட்டாலும் எனக்கு விளங்கியது. தோட்டத்து ஆபீசில் நாம் நிற்கிற மாதிரி நின்றிருக்கிறாய். கணக்கப்பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிடும் வரைக்கும் ஒருவரும் படியில் கால் வைக்கக் கூடாது, மழை கொட்டினாலும் துரையின் கண்ணுக்கு முன்னால் குடை விரிக்கக் கூடாது, செருப்பு ஓரமாகத்தான் கிடக்க வேண்டும். அது துரையின் ஆபீஸ், இது பச்சைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அங்கே உன் பெயரை யாரடா கூப்பிடுவார்கள்? கொழும்புக் கோட்டையில் கம்பனிக் கிளாக்கர் நீ, நீ மணி அடித்தால் ஓடிவர ஆள் இருக்கிறான் என்று பெருமையாக எழுதினாயே! வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? நிற்பதையும் நின்றுவிட்டு, சொல்லாத ஒரு சொல்லை அந்த டீச்சரம்மா தலையில் கட்டி எங்களுக்கு எழுதினாய் பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இனி நான் எந்த முகத்தோடு இராசையாவிடம் போய்ப் பெட்டிஷன் வேண்டாமென்று சொல்வது? வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் இருமி முடித்துவிட்டு, "நான் போயிருந்தாலும் அங்கதான் புள்ள நின்னிருப்பேன்" என்றார். அதற்குப் பிறகு என் கோபம் உன்னோடு நிற்கவில்லை. திறந்து கிடக்கிற வாசலைக் கண்டாலும் நடுங்குகிற மாதிரி மனிதர்களைப் பழக்கி வைத்திருக்கிறார்களே, அவர்கள் நாசமாய்ப் போக. இதை அப்பா எழுதியிருந்தால் விழுங்கியிருப்பார்.

நீ அந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்ததில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். நடந்து போகிற தூரம், தமிழ் பேசுகிற டீச்சர், பிள்ளைகளுக்குப் பாலும் பணிசும் கொடுக்கிறார்கள், முற்றத்தில் ஓடியாட நிழல் இருக்கிறது என்று ரெங்கம்மாவும் எழுதியிருந்தாள். வெட்கத்தில் இப்போது டிரொலி பஸ் ஓடுகிற ரோட்டைத் தாண்டி இருக்கிற அந்த மிஸ்ஸியம்மாவின் இங்கிலீஷ் பள்ளிக்கு ஓடாதே, அங்கே பிள்ளையைவிடச் சப்பாத்தைத்தான் பார்க்கிறார்களாம். லீலா இங்கே வந்தால் எனக்குக் கசக்குமா? அவளைத் தூக்கி எத்தனை மாதமாகிறது, நினைத்தாலே கை ஏங்குகிறது. ஆனால் இங்கே என்ன இருக்கிறது? நான் கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் பகல் முழுக்கப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் கிடக்க வேண்டும். பள்ளிக்கூடமென்பது ஒரு தகரக் கொட்டகை, ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார், மழை பெய்தால் அவர் வாய் அசைவதுதான் தெரியும். இந்த மலையிலிருந்து உன்னைக் கீழே இறக்க நாங்கள் பட்ட பாட்டை நீ திருப்பி ஏற்றி அனுப்பாதே.

புஹாரி நானா சொன்னார், பெயர் பதிந்த ஒரு குடும்பம் மாத்தளைக்கு மாற்றலாகிப் போகிறதாம், ஓர் இடம் இருக்கிறது. யார் பிள்ளைக்கென்று சொல்லி ஜெனீரா அந்த டீச்சரம்மாவிடம் கேட்டிருக்கிறாள், 17ஆம் தேதி திங்கட்கிழமை காலை வரைக்கும் வைத்திருப்பாராம். லீவு போட்டுவிட்டுப் போ. சப்பாத்தைக் கழற்றாதே. மூவரும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும், அம்மன் துணையிருப்பாள். ஜெனீரா நானாவுக்கு எழுதிய இன்னொன்றை உனக்கு எழுதாமல் விடலாமென்று பார்த்தேன், மனம் கேட்கவில்லை. அன்றைக்கு லீலா உள்ளே போவோம் என்று உன் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாளாம், நீதான் அவளை இழுத்துப் பிடித்து வைத்திருந்தாயாம். திங்கட்கிழமை உனக்குக் கால் எழும்பாவிட்டால் அவள் கையை விட்டுவிடு, அவள் உள்ளே போவாள், நீ பின்னால் போ.

இப்படிக்கு,
உன் அம்மா
பாக்கியலெட்சுமி