வள்ளியின் பிறந்தநாளுக்கு வெட்டிய மாமரம்

1954 பிப்ரவரி 9, செவ்வாய்

காலையில் நல்ல பனி. எட்டு மணி வரை தாடகைமலை தெரியவில்லை. எனக்குத் தலைவலி.

20ஆம் தேதி வள்ளிக்குப் பத்து வயது. வேண்டியவை:

மரச்சீனிக் கிழங்கு, தீயில் சுட.
கொல்லங்கொட்டை. எஸ்தர் டீச்சர் தங்கள் வீட்டு முந்திரி மரத்திலிருந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.
சுக்குக்காப்பிக்குக் கருப்பட்டி.
தொண்டு, சிரட்டை, சில்லாட்டை. எல்லாம் தென்னையிலிருந்து விழுந்து விளையிலேயே கிடக்கிறது. வ.வும் நானும் பொறுக்க வேண்டும்.
பெரிய விறகு. இது இவர் பொறுப்பு. "அத நான் பாத்துக்கிடுகேன்" என்றார். பார்ப்போம்.

கூப்பிட்டது பதினொரு பிள்ளைகள், எல்லாம் வ.வின் வகுப்பு. வீட்டுக்குப் பின்னால் தென்னைவிளையில் நடுவே தீ, சுற்றிலும் பாய். ஆறரைக்குக் கொளுத்தி எட்டுக்கு முடிப்பது. பாட்டு, கதை, கிழங்கு. அவ்வளவுதான். இதற்கு எத்தனை வாய்.

இவருடைய அக்காள், என் மயினி, படுப்பது அடுத்த வீட்டில், வாழ்வது எங்கள் அடுக்களையில். இன்று சொன்னது: "நச்சத்திரத்துக்குப் பாயசம் வச்சாச்சு. பெறவு இங்கிலீசு தேதிக்கு இன்னொரு பொறந்தநாளா? அதும் விளையில தீ போட்டுக்கிட்டு. கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?"

ஆமாம், பிடித்திருக்கிறது. போன வருடமே பிடித்தது. பள்ளிக்கூடத்து கைடு பிள்ளைகள் பேச்சிப்பாறைக்கு காம்ப் போனார்கள். வ.வுக்கு நீலப் பாவாடை தைத்து, விசில் வாங்கி, தரையில் விரிக்க ரெக்சின் வாங்கி, பெட்டி கட்டி வாசலில் நின்றோம். மாமா, இவருடைய அப்பா, களத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு போய்க் கட்டிலோடு ஆகி இரண்டு வருடம். அதிகாரத்துக்கு ஒரு குறைவும் இல்லை. படுத்தபடியே சொன்னார்: "பொட்டப்பிள்ள வெளியில கிடக்காண்டாம்." இவர் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். போன பிள்ளைகள் திரும்பி வந்து காம்ப் ஃபயர் காம்ப் ஃபயர் என்று ஒரு மாதம் பேசினார்கள். வ. மூன்று நாள் பேசாமல் இருந்தாள். தடுத்த தாத்தாவோடு இல்லை, பெட்டியைத் தூக்கிய அப்பாவோடு இல்லை, என்னோடு.

அன்றைக்கு அவளுக்குச் சொன்னேன், காம்ப் ஃபயர் நம் விளைக்கே வரும் என்று. வரும்.

பிப். 11, வியாழன்

இதை எழுதினால்தான் தூக்கம் வரும்.

மூன்றாம் பீரியடு. நாலாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். பியூன் வந்து கதவருகில் தலையைக் குனிந்து நின்றான். "டீச்சர், வீட்டுக்குப் போணுமாம். வள்ளியையும் கூட்டிக்கிடுங்கோ." என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, போங்கோ." தலைமையாசிரியை என் கையைப் பிடித்து, "தைரியமா இருங்கோ" என்றார். வ.வை இழுத்துக்கொண்டு ஓடினேன். வழியில் என்னைக் கண்ட ஆண்கள் ஒதுங்கி நின்றார்கள். வாசலில் பத்துப் பதினைந்து பேர். உள்ளே அழுகைச் சத்தம்.

மாமா கட்டிலில் சாய்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இது. இவர் ஆபீசுக்குப் போகும் வழியில் மரம் வெட்டும் தங்கையனிடம், எங்கள் மேல்மூலை மாமரத்தை வெட்டிப் போடச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். காம்ப் ஃபயருக்கு விறகாம். நம் பக்கத்தில் ஒரு வீட்டு மாமரத்தில் கோடாலி விழுந்தால் அந்த வீட்டில் சாவு. சிதைக்கு மாமரம்தான். பச்சைப் பிள்ளைக்கும் தெரியும் இது. வீட்டில் படுக்கையோடு ஒரு கிழவர் வேறு. கோடாலிச் சத்தம் கேட்டு ஊர் என்ன நினைக்கும்? நாலு வீடு தள்ளி இருக்கும் அம்மாள் நேரே வந்து வாசலில் ஒப்பாரியைத் தொடங்கியே விட்டாளாம். அதைக் கேட்டு அடுக்களையிலிருந்த மயினி, அப்பா போனது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று கூடச் சேர்ந்து அழுதிருக்கிறாள். பத்தடி தள்ளிக் கட்டில். எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

இது போதாதென்று மயினியின் கொழுந்தன் அழகியபாண்டியபுரத்திலிருந்து சைக்கிளில் கோடித் துணியோடு வந்து இறங்கினார். பிணத்துக்குப் போர்த்த வாங்கிய புது வேட்டி. மாமா பார்த்துவிட்டார்.

"அது என்னதுடே கையில?"

அவர் முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"ஒளிக்காத. கொண்டு வந்தத திரும்பக் கொண்டு போகப்பிடாது. இங்கண வை."

வைத்தார். வேறென்ன செய்வார்.

கூட்டம் கலைந்த பிறகு மாமா என்னிடம் சொன்னார்: "எனக்குத்தான் வெட்டுகானுவோன்னு நெனச்சேன். கொஞ்சம் பொறுக்கப்பிடாதான்னு இருந்து." சிரித்தாரா இல்லையா தெரியவில்லை.

பிப். 12, வெள்ளி

இவருடைய விளக்கம்: "சாய்ஞ்சு நிக்க மரம். எப்பம்னாலும் மதில்ல விழும். விறகும் ஆச்சு, மதிலும் தப்பிச்சு."

என்ன கெட்டிக்காரத்தனம். ஊருக்குச் சத்தம் கேட்குமே என்று தோன்றவில்லையா என்றால், "தோணல்ல." தாலுகா ஆபீசில் உட்கார்ந்து ஊரார் வழித்தகராறையெல்லாம் எழுதித் தீர்க்கும் மனிதர். ராத்திரிக்குப் பழையதை வைத்தேன். ஊறுகாய் கேட்டு வாங்கித் தின்றார். கோபமாக இருக்கிறேன் என்று தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது.

பச்சை மரம் வேறு. எரியாது, புகையும். தங்கையன் சொன்னான்: "மெலிசா கீறி வெயில்ல போட்டா எட்டு நாளைல கொஞ்சம் பிடிக்கும் டீச்சரே." கீறிப் போடச் சொன்னேன்.

மயினி தீர்ப்பு சொன்னாள்: "சொடலைக்குப் போக வேண்டிய தடி. அதக் கொளுத்திப் பிள்ளைக்குப் பொறந்தநாளு கொண்டாடப் போறியா? ஒனக்குப் பிள்ளை வேணுமா வேண்டாமா?"

பெற்றவளிடம் கேட்கிற கேள்வி. அம்மிக் குழவியைக் கையில் எடுத்தேன். அரைக்கத்தான். மயினி அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிப். 15, திங்கள்

வ. பட்டியலைக் கொண்டு வந்து காட்டினாள். பதினொன்றில் ஒன்பது பெயருக்கு நேரே பெருக்கல் குறி. காரணமும் எழுதியிருக்கிறாள். காய்ச்சல் (சனிக்கிழமை வரப்போகிற காய்ச்சல் திங்கட்கிழமையே தெரிந்துவிட்டது). அத்தை ஊருக்குப் போகிறாள். அம்மா விடமாட்டாள். அம்மா விடமாட்டாள். அம்மா விடமாட்டாள். ஒருத்தி மட்டும் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள்: "ஒங்க வீட்டுத் தீ சொடலைத் தீயாம்."

வேறு விறகு வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். நல்ல புளியந்தடி இருந்தது. கடைக்காரர் கேட்கிறார், "அந்த மாந்தடிய என்ன செய்யப் போறிய டீச்சர்? எடுத்து வையுங்கோ, வேண்டி வரும்லா." வாங்காமல் வந்துவிட்டேன். இனி எந்தத் தடி போட்டாலும் இந்தப் பூதப்பாண்டியில் அதற்கு ஒரே பெயர்தான்.

மூன்று வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லிப் பார்த்தேன். சாயா தந்தார்கள். தலையாட்டினார்கள். பிள்ளையை அனுப்புகிறேன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

வ. கேட்டாள்: "போன வருசம் மாதிரித்தானாம்மா?"

அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. நீலப் பாவாடையை மடித்துத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

மாமா நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஜன்னல் வழியாக, மரம் நின்ற இடத்தைப் பார்த்தபடி கிடக்கிறார். எனக்கு இரக்கம் வரவில்லை, உள்ளதை எழுதுகிறேன். போன வருடம் அந்த வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பிள்ளை பேச்சிப்பாறையில் பாடிவிட்டு வந்திருப்பாள். மரமும் நின்றிருக்கும்.

பிப். 17, புதன்

நல்ல வெயில். தடி ஓரளவு காய்ந்திருக்கிறது. யாருக்கு வேண்டும்.

சாயங்காலம் மாமா கூப்பிட்டார். "இந்தாட்டி, இங்க வா. பிள்ளையளு வரமாட்டாளுவளாமே?"

"ஆமா."

"தடி ஆருக்குள்ளதாம்?"

கால்மாட்டில் கிடந்த போர்வையை மடித்தேன்.

"சொல்லு. ஊரு என்னா சொல்லுகு?"

"ஒங்களுக்குள்ளதுன்னு சொல்லுகு." சொல்லிவிட்டேன். இந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடத்தில் அவர் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை இதுவாகத்தான் இருக்க வேண்டுமா.

"அப்பம் எனக்குள்ளத நான் ஆருக்கும் குடுப்பேன். பிள்ளைக்குக் குடுத்தாச்சு. எரியுங்கோ."

மயினியை வரவழைத்தார். "நீ பதினோரு வீட்டுக்கும் போ. நான் உசிரோட இருக்கேன், நான்தான் விளிக்கேன்னு சொல்லு. இதுக்கு வராதவன் நான் செத்தாலும் வராண்டாம்னு அதையும் சேத்துச் சொல்லு."

மயினி புடவை மாற்றிக்கொண்டு போனாள்.

சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் வயிறு எரிகிறது. நான் வீடு வீடாய் ஏறி இறங்கி நடக்காதது, அவர் படுத்துக்கொண்டே சொல்லி நடக்கிறது. பெட்டியை உள்ளே வைத்ததும் அவர் வாய்தான், இப்போது வெளியே எடுப்பதும் அவர் வாய்தான். நான் படித்தது எதற்கு, வேலைக்குப் போவது எதற்கு? வ. துள்ளிக்கொண்டு திரிகிறாள். அவளிடம் இதைச் சொல்ல முடியாது.

பிப். 20, சனி

எட்டுப் பேர் வந்தார்கள். காய்ச்சல்காரியும் வந்தாள், மூன்று கிழங்கு தின்றாள்.

தீ லேசில் பிடிக்கவில்லை. புகையோ புகை. இவர் ஊதி ஊதி மீசை கருகியது. எனக்கு அதில் கொஞ்சம் திருப்தி. தொண்டும் சில்லாட்டையும் திணித்து, கிடந்த ஓலை முழுவதையும் போட்டு, வ. இரண்டாம் தடவை கொளுத்தியபோது பிடித்தது. பிறகு நல்ல தீ. எஸ்தர் டீச்சர் ஒரு வரி பாட, பிள்ளைகள் ஒரு வரி. கொல்லங்கொட்டை வெடித்து எண்ணெய் தெறித்தது, கூச்சலும் சிரிப்பும். வ. நீலப் பாவாடையில். கொஞ்சம் கட்டையாகிவிட்டது, ஒரு வருடம் வளர்ந்திருக்கிறாளே.

மாமாவை நாற்காலியோடு இவரும் தங்கையனும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோளில் அந்தக் கோடித் துணி. மயினி பதறிப் போய், "அப்பா, அத எடுங்கோ" என்றாள். "குளிருகு" என்றார்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வ.விடம்: "இதுதானா அந்த காம்பு?"

"ஆமா தாத்தா. இதுக்குத்தான் போகாண்டாம்னு சொன்னியோ."

பாட்டு நின்றது. இவர் குனிந்து தீயைக் கிளறினார். இந்த மாதிரி நேரத்தில் கிளற ஏதாவது ஒன்று இவருக்குக் கிடைத்துவிடும்.

மாமா தீயையே பார்த்தார். "எனக்குத் தெரியாது மக்கா" என்றார் கடைசியில். "வேற என்னவோன்னு நெனச்சுப்போட்டேன்."

வ. ஒரு கிழங்கைத் தோல் உரித்து அவர் கையில் கொடுத்தாள். ஊதி ஊதித் தின்றார். இந்த வாரம் வயிறாரத் தின்றது அதுதான்.

நான் காப்பி ஊற்றுகிற சாக்கில் எழுந்து போனேன். வ. கேட்டதைத்தான் ஒரு வருடமாக நான் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை சொல்லி முடித்து, கிழங்கும் உரித்துக் கொடுத்துவிட்டாள். எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.

பிப். 21, ஞாயிறு

காலையிலிருந்தே மூட்டம். மாசியில் என்ன மழை. அறுப்புக்காரர்கள் களத்தில் நெல்லை வாரிக்கொண்டிருக்கிறார்கள். சாம்பலை எடுத்துத் தென்னையின் அடிமூட்டில் போட்டேன். முதுகுவலி.

மாமா: "மிச்சம் தடி எம்புட்டு கிடக்கு?"

"பாதி கிடக்கு."

"வித்துராத. நனையாம அடுக்கி வை."

"எதுக்கு?" கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

"பச்சைத் தடி நேத்து என்னா பொகை பொகைஞ்சு. எனக்குத் தீ வைக்கும்பம் நல்லா காஞ்சிருக்கட்டும்."

தடியை அடுக்க ஆள் வேண்டும். இவரைத் தேடினால் சந்தைக்குப் போயிருக்கிறார். மயினி கோவிலில். தேவைப்படும்போது ஒருவரும் இருப்பதில்லை இந்த வீட்டில். மூடுவதற்கு ஓலையும் இல்லை, நேற்று எல்லாவற்றையும் எரித்தாயிற்று.

தூறல் தொடங்கிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் வ. விளையில் நிற்கிறாள். காம்புக்கு வாங்கிய ரெக்சினைத் தடிமேல் விரித்து, ஒவ்வொரு மூலையாகக் கல் வைத்துக்கொண்டிருக்கிறாள். தலையில் ஒரு துணி கூட இல்லை. சளி பிடித்தால் யார் பார்ப்பது. போகிறேன்.