ஆமை நோட்டை யார் பார்த்தது?

என் செல்ல சரோஜாக்காவுக்கு,

சிம்னி விளக்கை முறத்தால் மறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உள்ளே நைனா, அதுதான் உன் சித்தப்பா, இருமினாலே என் கை நின்றுவிடுகிறது. கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்.

நீ காய்ச்சலில் எங்களை விட்டுப் போன பிறகு ஆமை நோட்டை நான்தான் எழுதுகிறேன். பங்குனி ஆமை என்று நாம் சொல்லும் கடலாமை எங்கே கரையேறி முட்டையிட்டது என்று தேதியோடு எழுதி அனுப்பும்படி மியூசியத்தார் கேட்கிறார்கள் என்று சயின்ஸ் டீச்சர் சொன்னபோது, முதலில் கை தூக்கியவள் நீ. இப்போதும் விடிந்ததும் போய், வண்டிச்சக்கரம் உருண்டது போலக் கிடக்கும் தடத்தைத் தேடுகிறேன். உடைந்த கட்டுமரத்திலிருந்து தப்படி எண்ணுகிறேன். என் தப்படி உன்னுடையதைவிடச் சின்னது. அதையும் நோட்டில் குறித்திருக்கிறேன்.

ஆனால் இந்த மாசியில் நான் எழுதிய குழி ஒவ்வொன்றும் மறுநாளே காலியாகிவிடுகிறது. நாய் என்றால் முட்டைத்தோல் இறைந்து கிடக்கும். இது கையால் தோண்டி, மணலைத் திரும்பத் தள்ளி மூடியது. எழுத மறந்த ஒரு குழி மட்டும் தப்பியது. அப்படியென்றால் யாரோ நோட்டைப் படிக்கிறார்கள், இல்லையா?

படிக்கத் தெரிந்தவர்களையெல்லாம் சந்தேகப்பட்டேன். முதலில் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகும் தணிகா அண்ணனை. நோட்டைக் கண்டாலே, "ஆமைக்கு பிரசவம் பாக்க நர்ஸம்மா கெளம்பிட்டாங்கோ" என்பான். பிறகு டீச்சரை. தினமும் நோட்டை வாங்கிப் பார்க்கிறாரே, எதற்கு? வணக்கம் சொல்லும்போதே அவர் நகத்தில் மணல் இருக்கிறதா என்று பார்த்தேன்.

நேற்று ஒரு சூது செய்தேன். குழி இருந்தது கட்டுமரத்துக்கு வடக்கே நாற்பது தப்படியில். நோட்டில் 'பனைமரத்தடி' என்று எழுதி டீச்சரிடம் காட்டினேன். பிறகு அண்ணன் கண்ணில் படும்படி போட்டுவைத்தேன்.

சாயங்காலம் வழக்கம்போல நைனா வலையைத் தைத்துக்கொண்டே, "இன்னிக்கு எங்க ஏறிச்சின்னு படி மல்லி. நீ படிக்க சொல்லோ சரோஜா கூட ஒக்காந்துகினு கீற மாதிரி கீது" என்றார். அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அவரிடம் எதற்குப் பொய்? நோட்டை விரித்துக்கொண்டு, வாயால் உண்மையைச் சொன்னேன். வடக்கே நாற்பது தப்படி.

இன்று காலை பனைமரத்தடி மணல் கலையவேயில்லை. வடக்கே குழி காலி.

உன் சித்தப்பாதான், அக்கா.

ஒரு மாதமாகக் கடலில் மீனில்லை. ரேஷன் அரிசிக் கஞ்சிதான். போன வாரம் கஞ்சிக்கு அம்மா முட்டைப் பொரியல் வைத்தாள். "வாத்து முட்டை, பேசாம துன்னு" என்றாள். தின்றேன். அம்மாவுக்கும் தெரியுமா? நீ போன அன்று நைனா மணலில் புரண்டு அழுதாரே, அது பொய்யில்லை. உன் பேரைச் சொல்லி நோட்டைப் படிக்கச் சொன்னது மட்டும் பொய்யா?

கேட்கப் பயமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவாரோ? 'பின்ன உனக்கு இன்னா போடறது' என்று திருப்பிக் கேட்டுவிட்டால்? அதற்குத்தான் அதிகம் பயப்படுகிறேன்.

நாளை முதல் அவருக்குப் பொய் இடம்தான் படிப்பேன். தோண்டி ஒன்றும் கிடைக்காமல் வரும் முகத்தை எப்படிப் பார்ப்பேனோ, தெரியவில்லை. உண்மையான இடம் உனக்கு எழுதும் தாளில் மட்டும் இருக்கும். குஞ்சுகள் பொரிந்து கடலில் இறங்கிய பிறகுதான் மியூசியத்துக்குக் கார்டு போடுவேன். அதில் உன் பெயர் முதலில் இருக்கும். இது சத்தியம்.

இன்று ஏறியது: கட்டுமரத்துக்குத் தெற்கே பத்தொன்பது தப்படி. என் காலால்.

உன் சித்தப்பா மகள்,
மல்லிகா