சேற்றோடு வாரிக் கொட்டிய பெடியன்

துறைமுகப் பக்கம் போனால் இன்னும் புதுப் பெயின்ற் மணம் மூக்கைத் துளைக்கிறது. உங்கள் விமானத்துக்குப் பூசியதுதான். கடலுக்கடியில் கிடந்ததைத் தூக்கி, குண்டு துளைத்த ஓட்டைகளையெல்லாம் அடைத்து, கலியாண வீட்டுக் கார் மாதிரி மினுக்கி வைத்திருக்கிறார்கள். சண்டையில் விழுந்ததாம்! பார்த்தால் நேற்றுக் கடையில் வாங்கியது போலிருக்கிறது.

உங்களுக்கு அது விமானமே இல்லை. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துச் சண்டையில் அதை ஓட்டிவந்த பெடியன் உள்ளேயே கிடக்கிறான் என்று உங்கள் அப்பு சொல்லியிருந்தார். மீன் கொட்டிக்கிடக்கும் இடம், ஆனாலும் எங்கள் ஊர் மயிலிட்டியில் ஒருவரும் அங்கே வலை விட்டதில்லை. நான் உங்களைக் கட்டிய புதிதில் என் தம்பி விடப்போக, "ஆள் படுத்திருக்கிற இடத்திலையோடா வலை விடுறாய்?" என்று கத்தினீர்கள். பிறகு எங்கள் காலத்துச் சண்டையில் ஊரைவிட்டு ஓடி அகதி முகாமில் கிடந்தபோதும், சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி, "அவன் அங்கை தனியக் கிடக்கிறான்" என்பீர்கள். எனக்கு எரிச்சலாய் வரும். எங்களுக்கே அப்போது போக்கிடம் இல்லை.

விமானத்தை மீட்கிறோம் என்று அந்தக் கனவான்கள் வந்தபோது நீங்கள்தான் இடம் காட்டினீர்கள்.

"எலும்பு கிடந்தால் எங்கடை சேமக்காலையிலை அடக்கவேணும்."

"ஓம் ஐயா, கட்டாயம்."

தலையாட்டுவதற்கு மட்டும் நன்றாகப் படித்திருந்தார்கள். விமானம் மேலே வருமுன் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

விமானத்தைக் காட்சிக்கு வைத்த திறப்புவிழாவுக்குப் போனேன். மாலை, பேச்சு, ஆளையாள் புகழ்ச்சி. விமானி இருக்கையில் ஒரு பிளாஸ்ரிக் பொம்மை, கறுப்புக் கண்ணாடியும் போட்டு! பொறுப்பானவரைப் பிடித்தேன்.

"தம்பி, உள்ளுக்கை கிடந்த பெடியன் எங்கை?"

"உள்ளுக்கை வெறும் சேறுதான் அம்மா. அள்ளிப் பின்னாலை கொட்டினது."

சொல்லிவிட்டுப் பொம்மையோடு நின்று படம் எடுக்கப் போய்விட்டார். தூ! இதுகளும் மனிசரோ?

பின்பக்கம் போய் அந்தச் சேற்றுக் குவியலில் குந்தி, கையால் கிளறினேன். விழாவுக்கு வந்தவர்கள் பற்றீஸ் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்கள். "அம்மா, சீலை ஊத்தையாகுது" என்றான் ஒருவன்.

"என்ரை சீலை தோய்ச்சால் வெளுக்கும். உங்கடை மூஞ்சியள் வெளுக்காது."

பொழுதுபடும் நேரம் ஒரு சப்பாத்து அகப்பட்டது. உள்ளே கால் எலும்பு. மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

பாதர் வேறு குழி வெட்டலாம் என்றார். நான் விடவில்லை. உங்கள் குழியின் ஒரு பக்கத்தைத் திறந்து, அவனை உள்ளே வைத்துச் செபம் சொன்னோம். எவள் பெற்ற பிள்ளையோ, பேர்கூடத் தெரியாது. அந்தத் தகரத்தை அவர்களே கட்டிக்கொண்டு அழட்டும். உங்கள் பெடியனை இனி நான்தான் பார்க்கவேண்டும்; உங்களுக்குப் பூ கொண்டுவரும்போது அவனுக்கும் சேர்த்துத்தான் கொண்டுவருகிறேன்.

கொஞ்சம் தள்ளிப் படுங்கோ. பிறகு நானும் அங்கைதான் வரவேணும்.