உப்புக்கு மேல் உப்பு

வியாழன், இரவு

ஷிஃப்ட் முடிந்து வந்தால், என் கடல்நீர்க் கண்ணாடித் தொட்டியில் மென்பவளம், விரல் விரலாக வளரும் அந்தக் கடல் உயிரி, சுருங்கிக் கிடக்கிறது. காலையில் விரல்களை விரித்து ஆடிக்கொண்டிருந்தது.

"தண்ணி கொறஞ்சிருந்துச்சுக்கா. கடல் பிராணியாச்சேன்னு உப்பு கலந்து ஊத்துனேன்" என்றாள் அறைத்தோழி செல்வி. தூத்துக்குடிப் பெண்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும், நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"எங்க ஊர்க் கடல்ல யாரும் இப்படிப் பாத்துப் பாத்து ஊத்தலையே!"

சிரித்துவிட்டேன். பயம் போகவில்லை. உப்பை ஒரேயடியாகக் குறைத்தாலும் செத்துவிடும். தொட்டித் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து, ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் விட்டேன். தொட்டி விளக்கின் நீல வெளிச்சத்தில் இருவரும் மாறி மாறி அதையே செய்தோம். ஓசூர் சாலை லாரிகளின் இரைச்சல் வந்து வந்து அடங்கியது.

செத்திருந்தால் எடுத்தெறிய வேண்டும். அப்படியே விட்டால் தொட்டியிலுள்ள மற்ற உயிர்களும் அழுகும். எனக்குத் தொட மனம் வரவில்லை. செல்விதான் கைவிட்டுத் தொட்டு, விரலை முகர்ந்தாள்.

"அழுகல் இல்லக்கா. கடல் வாடைதான்."

எடுக்காமல் விட்டோம். இன்னும் விரியவில்லை. தொட்டி விளக்கை அணைத்த பிறகு, அறையில் அந்த வாடை மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருக்கிறது.