தேர்ச்சி பெற்றதால் நிறுத்தப்பட்ட வாசிப்பு உதவியைத் திரும்பத் தரக் கோரும் மனு

அனுப்புநர்
இரண்டாம் ஆண்டு மின்மோட்டார் பிரிவு மாணவியின் (வரிசை எண் 41) அம்மாவைப் பெற்ற பாட்டி,
சலவைக் கடை மாடி.

பெறுநர்
கல்லூரிக் கல்வி அதிகாரி அம்மா அவர்கள்.

பொருள்: திங்கட்கிழமைத் தேர்வில் என் பேத்திக்குக் கேள்வித்தாளை வாசித்துக் காட்ட ஆள் அமர்த்துவது குறித்து.

மதிப்பிற்குரிய அம்மா,

1. நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தேதியில் பிழை இருக்காது.

2. என் பேத்திக்கு டிஸ்லெக்சியா என்று மருத்துவர் சான்று கொடுத்திருக்கிறார். எழுத்து கண்ணில் நிற்காது. காதால் கேட்டால் ஒரு சொல் தப்பாது. எங்கள் கட்டடத்தில் நின்றுபோன மின்விசிறிகளை எல்லாம் ஓட வைத்தவள் அவள்தான். முதல் ஆண்டுத் தேர்வில் கற்றல் உதவி அறை ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து கேள்விகளை வாசித்தார். அரை மணி கூடுதல் நேரமும் கிடைத்தது. எழுபத்திரண்டு மதிப்பெண் வாங்கினாள்.

3. இந்த ஆண்டு அந்த அறைக்குப் புதுப் பொறுப்பாளர் வந்தார். ஆறாம் தேதி உதவியை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்கப் போனேன். "எழுபத்திரண்டு வாங்கிட்டாளே பாட்டி, தேறினவளுக்கு எதுக்கு உதவி? வேற ஆளுக்குக் கொடுப்போம்" என்றார். அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். 'நல்லாத்தானே தெரியுது, கழட்டிக் குடுங்க' என்று சொல்ல வாய் வரை வந்தது. காரியம் கெட்டுவிடும் என்று விழுங்கிக்கொண்டேன். இன்னும் செரிக்கவில்லை. வாசல் காவலாளி என்னை மூன்று முறை வெயிலில் நிற்க வைத்ததற்குத் தனி மனு தருவேன்.

4. பத்தொன்பதாம் தேதி வகுப்புத் தேர்வில் அவளுக்கு ஆள் இல்லை. பத்துக் கேள்வியில் ஆறைத்தான் வாசிக்க முடிந்தது. நேரம் முடிந்தது என்று விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். கையோடு வந்த கேள்வித்தாளில் மீதி நான்கையும் வீட்டில் நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டே நான்குக்கும் பதில் சொன்னாள். பிறகு, "போதும் பாட்டி, நான் துணிக்கடை வேலைக்கே போயிடறேன்" என்றாள். அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, படுத்தால் கண் மூடவில்லை.

5. இதை மறைத்து மனு எழுத மனம் வரவில்லை. ஆறாம் தேதிக்கு முன்பே அந்த எழுபத்திரண்டு மதிப்பெண் பட்டியலைப் புதுப் பொறுப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்டியது நான்தான். நன்றி சொல்லத்தான் போனேன். அவர் நகல் எடுத்துக் கோப்பில் வைத்தபோது பெருமையாக நின்றேன். பேத்திக்கு இது தெரியாது. பொறுப்பாளர் மேல் எனக்கு உள்ள கோபத்தைவிட என் மேல் உள்ளது பெரிது.

6. ஆகவே, நன்றாக எழுதியதையே குற்றமாக எடுத்துக்கொள்ளாமல், வாசிப்பவரையும் கூடுதல் நேரத்தையும் திரும்பத் தருமாறு தாங்கள் கல்லூரிக்கு எழுத்தில் உத்தரவிட வேண்டும். திங்கள் காலை ஒன்பதரைக்குத் தேர்வு. கெஞ்சியோ திட்டியோ அவளை வாசல் வரை நான் கூட்டி வந்துவிடுவேன். உள்ளே அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியில் ஆள் இருக்க வேண்டும். அது தங்கள் கையில் இருக்கிறது அம்மா.

இடம்: கல்லூரி எதிரே, நகலகம்
நாள்: 27, வியாழன்

இப்படிக்கு,
பாட்டி (கையொப்பம்)